நிலா சுற்றும்போது பூமி சும்மா நிற்குமா?

கேள்வி:
நேற்று சாயங்காலம் மொட்டைமாடியில் என் நாலு வயதுப் பேத்தியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தட்டாமாலை சுற்றினேன். அவள் கால் தரையை விட்டதும் நான் தானாகவே பின்னால் சாய்ந்துவிட்டேன். சாயாமல் நேராக நின்றால் என்னையே முன்னால் இழுக்கிறாள், பதினாலு கிலோ கூட இல்லாதவள்! (இன்று முதுகு வலி தனிக்கதை.) மேலே நிலா இருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். நிலாதான் பூமியைச் சுற்றுகிறது என்று படித்தோம். அப்படியானால் பூமி மட்டும் எப்படி அசையாமல் நிற்கிறது?

பதில் 1:
நிற்கவில்லை ஐயா, அதுவும் உங்களைப் போலத்தான். பேத்தி பெரிய வட்டம் போட்டாள், உங்கள் இடுப்பு சின்ன வட்டம் போட்டது. இரண்டு வட்டத்துக்கும் நடுப்புள்ளி ஒன்றே. அதுதான் பொது நிறை மையம்.

பூமி நிலாவைப் போல 81.3 மடங்கு கனம். இடைவெளி சராசரியாக 3,84,400 கி.மீ. அதை 82.3 (பூமிக்கு 81.3, நிலாவுக்கு 1) பங்காக்கினால் ஒரு பங்கு சுமார் 4,670 கி.மீ. பூமியின் மையத்திலிருந்து அவ்வளவு தள்ளித்தான் அந்தப் புள்ளி. பூமியின் ஆரமோ 6,371 கி.மீ., ஆகவே புள்ளி பூமிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பூமியின் ஆட்டம் நம் கண்ணில் படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பதில் 2:
அசல் தட்டாமாலை பார்க்க வேண்டுமானால் புளூட்டோவுக்குப் போங்கள். அதன் துணைக்கோள் சாரோன், புளூட்டோவின் நிறையில் எட்டில் ஒரு பங்கு. இடைவெளி வெறும் 19,600 கி.மீ. நிறை மையம் புளூட்டோவின் மையத்திலிருந்து ஏறக்குறைய 2,100 கி.மீ. தள்ளி விழுகிறது. புளூட்டோவின் ஆரமே 1,188 தான்! வெட்டவெளியில் ஒன்றுமில்லாத ஓர் இடத்தை இரண்டும் 6.4 நாளுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. அதுவும் எப்போதும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்தபடியே, கைகோத்த பிள்ளைகள் மாதிரி. 1978இல் ஜேம்ஸ் கிறிஸ்டி புளூட்டோவின் படத்தில் ஒரு புடைப்பு இடம் மாறுவதைக் கவனித்துத்தான் சாரோனையே கண்டுபிடித்தார்.

கேள்வி கேட்டவர்:
சரி, அப்படியானால் 1,700 கி.மீ. தோண்டினால் நம் புள்ளி கிடைத்துவிடுமா?

பதில் 1:
கிடைத்தாலும் கையில் நிற்காது. அது எப்போதும் நிலா இருக்கும் பக்கமே இருக்கும். பூமி தன்னைத் தானே சுற்றுவதால் எந்த ஊருக்கு அடியிலும் தங்காது. நிலா கிட்டே வந்தால் பூமியின் மையத்திலிருந்து 4,400, விலகிப் போனால் 4,900 என்று தூரமும் மாறும். நிலா நேர் உச்சிக்கு வரும்போது மாடியில் நில்லுங்கள், அப்போது உங்கள் காலுக்கு நேர் கீழே இருக்கும்.