இமேஜ்-ஜேயில் சிவப்பணுப் பரப்பு மாறி மாறி வருகிறது, அவசரம்

லேப்தூசி:
வணக்கம். ரத்தச் சிவப்பணுக்களின் பரப்பை இமேஜ்-ஜே என்ற பட அளவீட்டு மென்பொருளில் அளக்கிறேன். சில படங்களில் 44 வருகிறது, சிலவற்றில் 11. ஒரே ஸ்லைடுதான். நாளைக்கு கைடிடம் காட்டணும், உதவுங்கள்.

கண்ணாடித்தகடு:
44 என்றால் பிக்சலா, சதுர மைக்ரானா? எந்தச் சாயம், எந்த ஆப்ஜெக்டிவ்? படக்கோப்பு டிஃபா (TIFF), ஜேபெக்கா (JPEG)?

ஊதாப்பூ:
திரெஷோல்டுதான், அதாவது அணுவையும் பின்னணியையும் பிரிக்கும் வெளிச்ச எல்லைதான் காரணம். ஆட்டோவில் விட்டால், அந்த எல்லையைத் தானாகக் கணக்கிடும் ஒட்சு முறை படத்துக்குப் படம் வேறு இடத்தில் வெட்டும். சிவப்பணுவின் நடு வெளிறியிருக்கும், அதையும் பின்னணி என்று எடுத்துக்கொள்ளும். அந்த ஓட்டையை நிரப்பும் ஃபில் ஹோல்ஸ் கொடுத்தீர்களா?

பழையலென்ஸ்:
இமேஜ்-ஜேயின் டீஃபால்ட் ஒட்சு அல்ல, ஐசோடேட்டா என்ற வேறொரு முறையின் ஒரு வகை. மெனுவைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் எழுதினால் நல்லது.

ஊதாப்பூ:
எதுவாக இருந்தால் என்ன சார், ஓட்டை விழுவது விழத்தானே செய்யும்?

நரம்பிழை:
இன்னும் திரெஷோல்டா? செல்போஸ் என்ற ஏஐ மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், ஒட்டியிருக்கும் அணுக்களைக்கூடப் பிரித்துவிடும்.

பழையலென்ஸ்:
அதிலும் விட்டம் எவ்வளவு என்று ஆள்தான் கொடுக்கிறார். கணினி அளந்ததாலேயே புறவயம் ஆகிவிடாது.

நரம்பிழை:
கொடுக்காமலும் ஓடும். நீங்கள் கையால் வட்டம் போட்டுக்கொண்டிருங்கள்.

லேப்தூசி:
லெய்ஷ்மன், 100 எக்ஸ் ஆயில், சதுர மைக்ரான். சில படங்கள் மைக்ராஸ்கோப் கணினியில் எடுத்தவை, மீதி தோழி போனில் அனுப்பியவை.

கண்ணாடித்தகடு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! விட்டம் சுமார் 7.5 மைக்ரான் என்றால் பரப்பு 44, அது சரி. 11 அதில் கால் பங்கு. அப்படியென்றால் போனில் வந்த படத்தின் அகலமும் உயரமும் பாதியாகியிருக்கின்றன. ஒரு மைக்ரானுக்கு எத்தனை பிக்சல் என்று கொடுக்கும் செட் ஸ்கேலில், எல்லாப் படங்களுக்கும் அதையே போடும் குளோபலை டிக் செய்திருப்பீர்கள், பழைய அளவுகோலே எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. படத்தின் மேல்வரியில் மைக்ரானுக்கு அடுத்து அடைப்புக்குறிக்குள் பிக்சல் எண் இருக்கும், இரண்டையும் ஒப்பிடுங்கள்.

லேப்தூசி:
2048, 1024! சின்னதற்குத் தனி ஸ்கேல் போட்டால் போதுமா?

கண்ணாடித்தகடு:
பரப்பு ஓரளவு சரியாக வரும். ஆனால் ஜேபெக்கில் ஓரம் கலங்கியிருக்கும், சுற்றளவு கெட்டால் வட்டத்தன்மையும் கெடும். மூலப் படத்தைப் பென்டிரைவில் வாங்குங்கள். அப்புறம், அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத மெல்லிய பகுதியில் மட்டும் எடுங்கள்.

லேப்தூசி:
வாங்கிவிட்டேன், 43 வருகிறது. நன்றி.

ஊதாப்பூ:
எல்லாம் சரி, ஃபில் ஹோல்ஸ் கொடுத்தீர்களா இல்லையா?