வீட்டு விலங்கிடமும் நம்மிடமும் மருந்துக்கு அடங்காத ஒரே கிருமி: உங்கள் அனுபவம் என்ன?

மழைத்துளி:
அம்மாவின் மூட்டு மாற்று அறுவைக்கு முன் மூக்கில் எடுத்த மாதிரியில் எம்.ஆர்.எஸ்.ஏ. (பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா) இருந்ததால் தேதி தள்ளிப்போயிற்று. அதே சமயத்தில் எங்கள் நாய்க்குக் காலில் போட்ட தையல் ஆறாமல் சீழ் கசிந்துகொண்டிருந்தது. கால்நடை மருத்துவர் அம்மா, நாய் இருவரின் கல்ச்சர் (கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) அறிக்கைகளையும் அருகருகே வைத்து, மருந்துப் பெயர்களின்மேல் பேனா முனையை ஓட்டிக்கொண்டே வந்தார். இங்கே கேட்காத மருந்து அங்கேயும் கேட்கவில்லை, கடைசி வரிவரை ஒன்றுகூட மாறவில்லை. பேனாவை மூடிவிட்டு, "நாய் இரவில் எங்கே படுக்கும்?" என்று கேட்டார். அம்மாவின் கட்டிலில்தான். நாயால்தான் வந்தது என்று வீட்டில் ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள்.

சாம்பல்பூனை:
நாயால் வந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் முதன்மையாக மனிதரின் மூக்கில் குடியிருப்பது. நாயின் தோலுக்கு உரியது சூடின்டர்மீடியஸ் என்னும் வேறு இனம். ஆகவே நாயின் புண்ணில் ஆரியஸ் வளர்ந்தால், பெரும்பாலும் அது மனிதரிடமிருந்து போனதாகவே இருக்கும். மருந்துப் பட்டியல் ஒத்துப்போவதும் முழுச் சான்றாகாது. மரபணு வரிசையை ஒப்பிட்டால்தான் இரண்டும் ஒரே வழிவந்தவையா என்று சொல்ல முடியும். வீட்டை விட்டு வெளியே போகாத என் பூனையின் காதுப் புண்ணில் இதே கிருமி வந்தபோது, மருத்துவமனையில் வேலை செய்யும் என் மூக்கிலும் அது இருந்தது.

வேம்பு:
மேலே சொன்னது பொதுவாகச் சரி, ஆனால் பாதை ஒருவழிப் பாதை அன்று. பிரிட்டனில் முதியோர் வார்டு ஒன்றில் பரவிய எம்.ஆர்.எஸ்.ஏ., அங்கே வளைய வந்த பூனையை அப்புறப்படுத்திய பிறகே அடங்கியதாக 1988இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. என்னுடையது வேறு கிருமி: எந்த மாத்திரைக்கும் அடங்காமல் ஊசியில் முடிந்த சிறுநீர்த் தொற்று, ஈ.எஸ்.பி.எல். வகை ஈ.கோலை, அதாவது பல ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் குடல் பாக்டீரியா. நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுப்பதுண்டா என்று மருத்துவர் கேட்டதும், அதன் கிண்ணத்தையும் எங்கள் தட்டுகளையும் தேய்க்கும் ஒரே ஸ்பாஞ்சுதான் கண்முன் நின்றது.

பழையவாசகர்:
எங்கள் நாயின் தோலில் சூடின்டர்மீடியஸ் வந்தது, எங்களுக்கு எதுவும் தொற்றவில்லை. என் கதை அவ்வளவுதான். மழைத்துளி அவர்களே, வீட்டில் மிஞ்சிய அமாக்சிசிலினை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். எம்.ஆர்.எஸ்.ஏ.வில் வழக்கமாகக் காணப்படும் மெக்-ஏ மரபணு உள்ள கிருமி, செல்சுவரைக் கட்டும் புரதத்தை மருந்து எளிதில் ஒட்டாத இன்னொரு வடிவிலும் உருவாக்கிக்கொள்வதால், பெனிசிலின் குடும்பமும் செஃபலெக்சின் போன்றவையும் அதனிடம் செல்லாது. புண்ணை மூடி வையுங்கள், கையுறை அணிந்து கட்டு மாற்றுங்கள், பிறகும் கையைக் கழுவுங்கள், நாயைக் கட்டிலில் படுக்க விடாதீர்கள். குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினிக் குளியல் வேண்டுமா என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். நோயில்லாமல் கிருமியை வெறுமனே சுமக்கும் நாய்க்கு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவைப்படாது. மனிதரிடம் கிருமி நீங்கி வீடும் சுத்தமாக இருந்தால், பல நாய்கள் தாமாகவே அதை இழந்துவிடும். நாயை யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லும் உறவினர்களுக்குச் செவிசாய்க்காதீர்கள்.

மழைத்துளி:
நான் ஆலோசனை கேட்கவில்லை, இருந்தாலும் நன்றி. புண் ஆறிய பின் நாயின் மூக்கிலும் மாதிரி எடுக்க வேண்டும் என்று அம்மாவின் அறுவை மருத்துவர் சொல்கிறார். கால்நடை மருத்துவர் அவசியமில்லை என்கிறார். இந்த இருவரையும் நேரடியாகப் பேச வைத்தவர்கள் யாரேனும் இங்கே உண்டா?