எம்67 படங்களில் மூலைகள் வெளிறுகின்றன, தூசி வளையம் போகவில்லை: உதவி தேவை

பனங்காட்டு மாணவி, கொழிஞ்சாம்பாறை
இயற்பியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வானியல் செய்முறைத் தாளுக்காகக் கடகத்தில் உள்ள எம்67 விண்மீன் கொத்தை மொட்டைமாடியிலிருந்து 8 அங்குல, எஃப்/10 தொலைநோக்கியில் (குவியத்தூரம் விட்டத்தைப்போல் பத்து மடங்கு) வி ஃபில்டர் (பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) போட்டு 60 படங்கள் எடுத்தேன். பிளாட் படத்தால் (சீரான வெளிச்சத்தை நோக்கி எடுத்த ஒப்பீட்டுப் படம்) வகுத்த பிறகு மூலைகள் நடுவைவிட வெளிச்சமாகிவிட்டன. தூசியின் நிழல் வளையங்களோ ஒரு பக்கம் கருப்பும் மறுபக்கம் வெளுப்புமாக, காசில் பொறித்த உருவம்போலப் புடைத்து நிற்கின்றன. ஒரே விண்மீனின் பொலிவெண் (பிரகாசத்தின் அளவு) படத்துக்குப் படம் 0.08 வரை மாறுகிறது. வெள்ளிக்கிழமை அறிக்கை தர வேண்டும். நான்கு இரவுகளாகத் தூக்கம் இல்லை.

மலையோரன்
தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். ஃபில்டரை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

குப்பம் ஆசிரியர்
துடைக்க வேண்டாம் அம்மா, பொறுங்கள். அந்தத் தூசியோடுதான் 60 படங்களும் பதிவாகியிருக்கின்றன. அதைத் துடைத்துவிட்டால் தடயமே போய்விடும். மூன்று விஷயம் சொல்லுங்கள். பயஸை (ஒளியே படாவிட்டாலும் கேமரா பதியும் அடிப்படை எண்) எந்தெந்தப் படங்களிலிருந்து கழித்தீர்கள்? வளையங்கள் எத்தனை பிக்சல் அகலம்? நடுவில் கேமராவைக் கழற்றினீர்களா?

பனங்காட்டு மாணவி
பிளாட்டிலிருந்து மட்டும் கழித்தேன் சார். சுமார் 40 பிக்சல் உள்ள சிறிய வளையங்கள் சுத்தமாக மறைந்துவிட்டன. 400 பிக்சல் உள்ளவைதான் புடைக்கின்றன. ஒரு பிக்சல் 5 மைக்ரான். இரவு ஒரு மணிக்குக் கிழக்குக் காற்று வலுத்துக் குழாய் ஆடியது. கேமராவை மட்டும் கழற்றிக் கீழே கொண்டுபோனேன். ஃபில்டர் குழாயிலேயே இருந்தது. விடியலில் மறுபடி மாட்டித்தான் பிளாட் எடுத்தேன்.

குப்பம் ஆசிரியர்
விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நிழலின் அகலத்தை எஃப் எண்ணால் பெருக்கினால் தூசி சென்சாரிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரியும். 40 பிக்சல் என்பது 0.2 மி.மீ.; பத்தால் பெருக்கினால் 2 மி.மீ. அது சென்சாரை மூடிய கண்ணாடி, கேமராவோடு சேர்ந்தே திரும்பும். 400 பிக்சல் என்றால் 20 மி.மீ., அதாவது ஃபில்டர். நீங்கள் கேமராவைச் சற்றுத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள்; ஃபில்டர் தூசியின் நிழல் இடம் மாறிவிட்டது.

மூலைகளின் கதை வேறு: விண்மீன் படங்களிலிருந்து நீங்கள் பயஸைக் கழிக்கவில்லை. வானத்தின் ஒளி 500, பயஸ் 1000 என்று வையுங்கள். மூலைக்கு 80 விழுக்காடு ஒளிதான் வருகிறது என்றால் நடுவில் 1500, மூலையில் 1400 பதிவாகும். பயஸைக் கழிக்காமல் 0.8 ஆல் வகுத்தால் மூலை 1750 ஆகிவிடும். கழித்துவிட்டு வகுத்தால் 400 என்பது 500 ஆகி நடுவோடு பொருந்தும்.

ஒன்றைக் கவனியுங்கள்: மூலை வெளிறியதால் உங்கள் 0.08 வரவில்லை. விண்மீனைச் சுற்றி நீங்கள் வரையும் அளவு வளையத்தில் வான ஒளியை அளந்து கழிக்கும்போதே அந்தப் பிழை போய்விடும். காற்றில் குழாய் அசைந்து, விண்மீன் தூசி நிழலின் கருப்பிலும் வெளுப்பிலும் மாறி மாறி விழுந்திருக்கிறது. என் மாணவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

விண்மீன்கள் படத்துக்குப் படம் இடம் மாறியிருந்தால் தப்பிக்க வழி உண்டு. பயஸும் டார்க்கும் (மூடி போட்டு எடுத்த இருட்டுப் படம்) கழித்து, ஒவ்வொரு படத்தையும் அதன் வான ஒளியால் வகுத்து, விண்மீன்களை மறைத்து, 60 படங்களின் இடைநிலை மதிப்பை எடுங்கள். அந்த இரவின் வானமே பிளாட் ஆகிவிடும். பிக்சலுக்குப் பிக்சல் இரைச்சல் இருக்கும். பெரிய வளையங்களுக்கு இது போதும்.

மலையோரன்
துடைக்கச் சொன்னது தவறு, மன்னியுங்கள். நம் ஊரில் அந்தி சீக்கிரம் கறுத்துவிடும். அடுத்த முறை சூரியன் மறைந்ததுமே, உச்சியிலிருந்து சற்றுக் கிழக்கே நோக்கிப் பிளாட் எடுங்கள். 65,535 வரை எண்ணும் கேமராவில் 25,000 முதல் 30,000 வரை வந்தால் நல்லது. ஒவ்வொரு படத்துக்கும் இடையில் குழாயைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

பனங்காட்டு மாணவி
செய்துவிட்டேன் சார். மூலைகள் சமமாகிவிட்டன. தூசி வளையத்தின் மேல் விழுந்த அதே விண்மீன் இப்போது 0.02க்குள் நிற்கிறது. கேமராவுக்கும் குழாய்க்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். இரண்டு பாதியும் ஒரே கோடாகச் சேர்ந்தால்தான் இனித் திருகை முறுக்குவேன்.