பிளஸ் டூ கணக்கில் 31 மார்க். தம்பி இந்த வருஷமே காலேஜ் சேர வழி இருக்கா?

வியாசர்பாடி அக்கா:

வணக்கம். என் தம்பி ஆறாவதுலேர்ந்து மாநகராட்சிப் பள்ளியில படிச்சவன். பிளஸ் டூ ரிசல்ட்ல பிசிக்ஸ் 58, கெமிஸ்ட்ரி 63, கணக்குல மட்டும் 31. அன்னிலேர்ந்து அப்பா முகத்தைப் பாக்க முடியலன்னு சாப்பாட்டுத் தட்டை எடுத்துட்டுப் போய் மாடிப்படியில உக்காந்து சாப்பிடுறான். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறாரு. நான் பிளஸ் டூவோட நிறுத்திட்டு புரசைவாக்கத்துல ஒரு ஜவுளிக்கடையில பில் போடுறேன். எங்க வீட்டுல யாரும் டிகிரி படிச்சதில்ல.

நேத்து அப்பா ஒரு அட்மிஷன் ஏஜென்ட்டைப் பாத்திருக்காரு. "பிளஸ் டூ பாஸே வேணாம், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல நேரா டிகிரி போட்டுடலாம், கவர்மென்ட் வேலைக்கும் செல்லும்"னு சொல்லி மொத்தம் 40,000 கேட்டிருக்காரு. 5,000 அட்வான்ஸும் பத்தாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டும் வாங்கி வெச்சிக்கிட்டாரு. இது சரிதானா? தம்பிக்கு இன்ஜினியரிங்தான் ஆசை. பழைய மிக்ஸி மோட்டாரைப் பிரிச்சு எங்க பாட்டிக்கு ஃபேன் செஞ்சு கொடுத்தவன்.

கணக்கு வாத்தியார்:

அம்மா, முதல் வேலையா அந்த மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்குங்க. ஒரிஜினலை எந்த ஏஜென்ட் கையிலும் விட்டு வைக்கக் கூடாது.

அவர் சொன்னது தப்பு. பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசையில் படித்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009-லேயே தமிழக அரசு ஆணை போட்டிருக்கிறது. பிளஸ் டூ இல்லாமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டத்தோடு தேர்வு எழுதப் போய், கடைசியில் சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நல்ல இடம்தான். பிளஸ் டூ முடித்துவிட்டு அங்கே சேர்ந்தால் ஒரு குறையும் இல்லை.

தம்பிக்கு வேண்டியது நாலு மார்க். துணைத் தேர்வுக்கு அவன் படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்ததும் சில நாள்தான் அவகாசம் இருக்கும், நாளைக்கே போங்க. கணக்கு மட்டும் எழுதினால் போதும்.

90 மார்க் தாளில் ஒரு மார்க் கேள்வி 20. அதில் பெரும்பாலானவை பாடத்துக்குப் பின்னால் இருப்பவையே. அணிகள், கலப்பு எண்கள், தனிநிலைக் கணிதம் மூன்றையும் முழுசாக முடிக்கச் சொல்லுங்க. தனிநிலைக் கணிதத்தில் வரும் ட்ரூத் டேபிள், அதாவது கட்டம் போட்டு T, F (சரி, தவறு) நிரப்புவது, போட வந்துவிட்டால் அஞ்சு மார்க் கைமேல். வகைநுண்கணிதத்தைப் பார்த்து மிரள வேண்டாம்.

பாஸானதும் இன்ஜினியரிங் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கணக்கில் வெறும் 35 வாங்கினாலும் மூன்று பாடச் சராசரி 52 வருகிறது. பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 40 சதவீதம் இருந்தால் தகுதி. கட்-ஆஃப் 200-க்கு 95.5 தான் வரும், பெரிய கல்லூரி கிடைக்காது. ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கேட்கலாம், அதில் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. குடும்பத்தில் முதலில் டிகிரி படிப்பவருக்குக் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே போட்டு வையுங்க. மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை இரண்டும் கிடையாது. "கவுன்சலிங் எதுக்கு, நேரா சேத்து விடுறோம்" என்று யார் வந்தாலும் இதை நினைவில் வையுங்க.

தரமணி டிப்ளமோ:

தங்கச்சி, நான் 2011-ல பிளஸ் டூ பிசிக்ஸ்ல ஃபெயில். துணைத் தேர்வும் போச்சு. அப்போ பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக்குக்குக் கூட்டிட்டுப் போனாரு. பத்தாவது மார்க்கை வெச்சு முதல் வருஷம் மெக்கானிக்கல்ல சேந்தேன். கூடப் படிச்சவங்க எல்லாம் என்னைவிட ரெண்டு வயசு சின்னவங்க. முதல் மாசம் மூலையிலதான் உக்காந்திருந்தேன். அப்புறம் ஃபிட்டிங் ஷாப்புல இரும்புப் பிளேட்டை வைஸ்ல கடிச்சு வெச்சு அரத்தால ராவி, மூலை நேரா இருக்கான்னு பாக்குற ட்ரை ஸ்கொயரை வெச்சு இடுக்குல வெளிச்சம் தெரியுதான்னு பாத்தேன். ஒரு இழை வெளிச்சம்கூட தெரியல. இன்ஸ்ட்ரக்டர் அதைக் கையில எடுத்து மத்தவங்களுக்கும் காட்டினாரு. அதுக்கப்புறம் யாரு சின்னவன் யாரு பெரியவன்னு நான் யோசிக்கவே இல்ல.

2014-ல லேட்டரல் என்ட்ரி கலந்தாய்வு மூலமா நேரா பி.இ. ரெண்டாம் வருஷம். இதுக்கு பிளஸ் டூ மார்க்கைப் பாக்க மாட்டாங்க, டிப்ளமோ மார்க்தான். ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன். முதல் வருஷக் கணக்கு ரெண்டு பேப்பரையும் தாண்டி நேரா மூணாவது செமஸ்டர் கணக்குல போய் விழுவோம். நான் அதுல ரெண்டு அரியர் வெச்சேன். ஆனா மெஷின் லேப்ல எங்களைத்தான் எல்லாரும் தேடி வருவாங்க. 2017-ல முடிச்சேன், இப்போ அம்பத்தூர் எஸ்டேட்ல டூல் ரூம் பாத்துக்கிறேன்.

வாத்தியார் சொன்னதை முதல்ல செய்யுங்க. தவறிட்டா இந்த வழி இருக்கு. மோட்டாரைப் பிரிக்கிற பையன் எலக்ட்ரிக்கல் டிப்ளமோவுல ஜொலிப்பான், இதை நான் மனசாரச் சொல்றேன்.

ராயபுரம்:

அக்கா, கம்ப்யூட்டர் பக்கமும் ஆர்வம் இருந்தா ஐஐடி மெட்ராஸோட ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் பாருங்க. ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேணாம். நாலு வாரப் பாடம் படிச்சு தகுதித் தேர்வு எழுதணும், பரீட்சை மட்டும் நேர்ல போய் எழுதணும். பிளஸ் டூ பாஸ் கட்டாயம். குறைந்த வருமானக் குடும்பத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு. நான் மெடிக்கல் ஷாப்புல வேலை பாத்துக்கிட்டே படிக்கிறேன். இங்கிலீஷ்ல பாடம் கேக்கறதுதான் முதல்ல கஷ்டமா இருந்துச்சு.

வியாசர்பாடி அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவும் நானும் சேந்து போய் மார்க் ஷீட்டை வாங்கிட்டோம். 5,000 திரும்ப வரல. அடுத்த வாரம் மறுபடியும் போய்க் கேப்பேன்.

துணைத் தேர்வுக்கு ஸ்கூல்ல பணம் கட்டியாச்சு. சார், நீங்க எழுதினதை அப்படியே தம்பிகிட்ட படிச்சுக் காமிச்சேன். "நாலு மார்க்கா?"ன்னு கேட்டுட்டு எழுந்து போய் புக்கை எடுத்தான். இப்போ கூடத்துல உக்காந்து கட்டம் போட்டு T, F எழுதிக்கிட்டு இருக்கான். அண்ணா, எலக்ட்ரிக்கல் டிப்ளமோவுக்குக் கடைசித் தேதி எப்போன்னு தரமணியில யாரைக் கேக்கணும்? அதையும் ஒரு பக்கம் போட்டு வெச்சிடலாம்னு அப்பா சொல்றாரு.