மறு: லூபஸ் பொடோசைட்டோபதி – தமிழில் என்ன?

வணக்கம்.

லூபஸில் (உடலின் எதிர்ப்புச்சக்தி உடலையே தாக்கும் நோய்) சிறுநீரக வடிகட்டியின் வெளிப்புறக் கலமான பொடோசைட் பழுதாவதுதான் லூபஸ் பொடோசைட்டோபதி. கொழும்பு கிளினிக்குக்கான துண்டுப்பிரசுர வரைவில் இதற்கும் 'லூபஸ் சிறுநீரக அழற்சி' என்றே நிற்கிறது. சரிவராது. அழற்சியின் கடும் வகைகளில் எதிர்ப்புடல் படிவுகள் மயிர்க்கலன் சுவரில் சேர்ந்து கலன்கோளத்தை (சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிக்கும் மயிர்க்கலன் முடிச்சு) புண்ணாக்கும். இங்கே சுவரில் படிவு இல்லை. ஒளி நுணுக்குக்காட்டியில் பலவேளை வழமைபோலத்தான் இருக்கும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பொடோசைட்டின் முளைகள் மழுங்கி, இடைவெளியே தெரியாமல் ஒட்டிக்கிடக்கும். நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் சலத்தோடு போகும். முகமும் காலும் அதைக்கும்.

லூபஸ் சிறுநீரக அழற்சிக்கான 2003 வகைப்பாட்டின் ஆறு வகுப்புகளில் இதற்குத் தனி இடமில்லை. இலத்திரன் படம் எடுக்காவிட்டால் 'இரண்டாம் வகுப்பு' என்று அறிக்கை வந்துவிடும். அந்த வகுப்புக்குச் சிறுநீரகத்துக்கென்று ஸ்டீரொயிட் பெரும்பாலும் தேவைப்படாது. இதற்குக் கட்டாயம் தேவை. அநேகமானோர் சில கிழமைகளிலேயே தேறுவர், திரும்ப வருவதும் உண்டு.

'பொடோ' என்றால் பாதம், 'சைட்' என்றால் குழியம். ஆகவே செங்குழியம், நிணநீர்க்குழியம் வரிசையில் 'பாதக்குழிய நோய்' என்கிறேன்.

---

> 'பாதக்குழிய நோய்' என்கிறேன்

டொக்டர், 'குழியம்' சரி, 'பாதம்' வேண்டாம். கால் அதைத்து வந்திருப்பவருக்கு இந்தப் பெயரைக் கொடுத்தால் உள்ளங்காலில் ஏதோ வருத்தம் என்றுதான் நினைப்பார். நீரிழிவுக் கால்புண் கிளினிக்குக்குப் போய் நின்றாலும் ஆச்சரியமில்லை. அந்தக் கலம் மயிர்க்கலனை விரல் கோத்ததுபோல் கவ்விக்கொண்டிருக்கிறது, 'கவ்வுக்குழியம்' எனலாமே? 'வடிகுழியம்' என்றும் யோசித்தேன். ஆனால் வடிக்கும் சுவரில் இது மூன்றிலொரு படை மட்டும்தான். மயிர்க்கலனின் உட்படையான அகவணியும், இரண்டுக்கும் நடுவிலுள்ள அடிமென்சவ்வும் மற்ற இரண்டு.

---

'கவ்வு' எனக்குச் சம்மதம். ஆனால் இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. சுடுசோறு, ஊறுகாய் போல 'கவ்வுகுழியம்' என்றே எழுதவேண்டும். முளைகளைக் 'கவ்வுமுளை' என்றால் அறிக்கையில் 'கவ்வுமுளை மழுங்கல்' தானாக வந்து உட்காரும். லூபஸை மட்டும் தொடவேண்டாம், அந்தப் பெயர் நோயாளிக்குத் தெரியும்.

வரைவில் இன்னொரு பிழை: 'பயோப்சித் துண்டை ஃபோமலினில் இடுக' என்று மட்டும் இருக்கிறது. முழுவதும் அதில் போனால் உறையவைத்துச் செய்யும் இம்யூனோஃபுளோரசன்ஸ் (எதிர்ப்புடல் படிவுகளை ஒளிரச்செய்து காட்டும் சோதனை) கைநழுவும். இலத்திரன் படமும் தெளிவு குறையும். இலத்திரன் படத்துக்கு ஒரு சின்னத் துணுக்கைக் குளூட்டரல்டிஹைட்டிலும், இம்யூனோஃபுளோரசன்ஸுக்கு இன்னொன்றை மிக்கெல் கரைசலிலும் எடுத்துவைத்த பிறகே மீதி ஃபோமலினுக்கு.

தலைப்பு இப்படி: 'லூபஸ் கவ்வுகுழிய நோய்'. முதல் தடவை மட்டும் 'பொடோசைட்டோபதி' என்று பக்கத்தில் போடுங்கள்; மருந்துத் துண்டில் அந்தச் சொல்தான் இருக்கும்.