சைப்ரஸ் நாற்றில் உள்கிளை பழுப்பாகிறது, பூச்சியா?

கோத்தகிரி நர்சரிக்காரர்:
கிறிஸ்துமஸ் விற்பனைக்கு 80 சைப்ரஸ் பையில் வளர்க்கிறேன். பத்து நாளாக இருபது செடிகளில் நுனி பச்சை, உள்ளே பழுப்பு. தொட்டால் விரல் பிசுபிசுக்குது, எறும்பும் ஏறுது. மருந்து அடிக்கலாமா?

குன்னூர் தேயிலைக்காரர்:
அவசரப்படாதீங்க அண்ணே. பிசுபிசுப்பும் எறும்பும் சேர்ந்தா அசுவினியா இருக்கும், சாறு உறிஞ்சுற சின்னப் பூச்சி. கிளையை விலக்கித் தண்டைப் பாருங்க, பட்டை நிறத்திலேயே ஒட்டிக்கிட்டு இருக்கும். கண்ணுக்குத் தூசு மாதிரி தெரியுற சிலந்திப்பேனும் இருக்கலாம். வெள்ளைத்தாளைக் கீழே பிடிச்சு கிளையை ரெண்டு தட்டு தட்டுங்க. விழுந்த தூசு நகர்ந்தா பேன்தான். 10 மடங்கு லென்ஸ்ல எட்டுக் கால் தெரியும்.

கொடைக்கானல் அக்கா:
வரிசைக்கு ரெண்டு செடியில் அடையாளத்துக்குத் துணி கட்டி, வாராவாரம் அதே செடிகளைத் தட்டி எண்ணிக்கையை நோட்டில் எழுதுங்க தம்பி. போன வருஷம் நான் எண்ணாமலே மருந்தடிச்சேன். பூச்சியைத் தின்கிற பொறிவண்டெல்லாம் செத்துது, பேன் முன்னைவிடப் பெருகிடுச்சு. முழுசா காய்ந்த சைப்ரஸ் கிளை திரும்பத் துளிர்க்காது, மனசே ஆறல.

கோத்தகிரி நர்சரிக்காரர்:
தட்டிப் பார்த்தேன் அக்கா, தாளில் எதுவும் நகரல. தண்டில்தான் அசுவினி, கூடவே நாலு பொறிவண்டுப் புழு. மருந்து வேண்டாம். அசுவினி மொய்த்த கிளையில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறேன், ஞாயிறு மறுபடி எண்ணுறேன்.