மறு: டிவிடி ‘ரிப்’ செய்வதற்குத் தமிழில் என்ன சொல்? – படியெடுப்பும் உரிப்பும்

அனைவருக்கும் வணக்கமுங்க.

டிவிடியில் இருக்கும் படத்தைக் கணினிக்குக் கோப்பாக எடுப்பதை ஆங்கிலத்தில் ‘ரிப்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் நாலு நாளாக ‘கிழித்தல்’, ‘மின்னாக்கம்’, ‘பிரித்தெடுத்தல்’, ‘உரித்தல்’ என்று நான்கு சொற்கள் சுற்றி வருகின்றன. நான் உடனே பதில் போடவில்லை. சொல்லைப் பற்றிப் பேசுமுன் வேலையை ஒரு தடவை முழுசாகச் செய்துவிடலாம் என்று வீட்டு அலமாரியில் இருந்த 43 வட்டுகளையும் எடுத்து வைத்து உட்கார்ந்தேன். கலியாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, ஊரில் நடந்த வள்ளி கும்மி அரங்கேற்றம் இரண்டு. எல்லாம் ஸ்டுடியோக்காரர்கள் எழுதிக் கொடுத்தவை, பூட்டு ஏதும் இல்லாதவை. கடையில் வாங்கிய சினிமா வட்டுகளைத் தொடவில்லை. நகலெடுப்பதைத் தடுக்க அவற்றில் போட்டிருக்கும் சிஎஸ்எஸ் பூட்டும் பதிப்புரிமையும் தனிப் பேச்சு.

> ஆங்கிலத்தில் ரிப் என்றால் கிழி என்றுதானே பொருள்? கிழித்தல் என்றே வைத்துவிடலாம்.

திருப்பூர்த் தம்பி இப்படி எழுதியிருந்தார். சரி, சோதித்துப் பார்ப்போம் என்று வட்டு எழுதவும் எடுக்கவும் உதவும் கே3பி நிரலின் மொழிபெயர்ப்புக் கோப்பை என் கணினியில் மட்டும் மாற்றி, ‘காணொளி வட்டைக் கிழி’ என்று போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். அம்மா படித்ததும் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். “இது அம்முச்சி பாடுன வட்டு கண்ணு. கிழிக்கச் சொல்லுதே, கிழிச்சுப்போடாதே.” அம்முச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவின் அம்மா. ஆங்கிலத்தில் அந்தச் சொல் பழகிப் பழகி முனை மழுங்கிவிட்டது. தமிழில் கிழி என்றால் இன்னும் துணியும் தாளும்தான் கிழிகின்றன. ஆகவே இதை விட்டுவிடலாம் தம்பி.

‘மின்னாக்கம்’ நல்ல சொல். ஆனால் அதன் இடம் இதுவல்ல. ஓலைச்சுவடியை மின்னாக்கலாம், விஎச்எஸ் நாடாவை மின்னாக்கலாம். டிவிடியில் இருப்பது ஏற்கெனவே எண்கள். எங்கள் வீட்டுப் பழைய கலியாண நாடாவை ஸ்டுடியோக்காரர் வட்டில் ஏற்றிக் கொடுத்தாரே, அன்றைக்கே மின்னாக்கம் முடிந்துவிட்டது. ‘பிரித்தெடுத்தல்’ சுருக்கிய கோப்புகளைத் திறப்பதற்கு ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு பாரத்தை ஏற்ற வேண்டாம்.

இனி பொள்ளாச்சி அண்ணன் சொன்ன ‘உரித்தல்’. இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டிவிடியைக் கணினியில் திறந்தால் உள்ளே ‘விடியோ டிஎஸ்’ என்றொரு அடைவு இருக்கும். அதற்குள் விஓபி கோப்புகள், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாமல் துண்டு துண்டாக. கூடவே எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஐஎஃப்ஓ கோப்புகள், அவற்றுக்குக் காப்பாக பியுபி கோப்புகள், ஸ்டுடியோக்காரர் பூப்போட்டுச் செய்த பட்டியல் திரை. இவ்வளவும் மட்டை. உள்ளே இருக்கும் காய் என்பது எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய படமும் அதன் ஒலியும். அதை மட்டும் எடுத்து எம்கேவி என்ற ஒரே கோப்பில் வைக்கும்போது படத்தின் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. தோப்பில் நிலத்தில் நட்ட கூர்க்கம்பியில் தேங்காயைக் குத்தித் திருப்பி உரிப்பவரைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. மூன்று குத்தில் மட்டை கழன்றுவிடும், காயில் கீறல் விழாது. எஃப்எஃப்எம்பெக் என்ற நிரலில் ‘மாற்றாமல் நகலெடு’ என்று சொல்லிச் செய்கிற வேலை அச்சாக இதுதான்.

வயற்காட்டுச் சொல் கணினிக்கு ஆகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘கலைக்களஞ்சியம்’ என்று கூச்சமில்லாமல் சொல்கிறோம். களஞ்சியம் நெல் கொட்டி வைக்கிற இடம். அந்தப் பெயரில் 1954 முதல் வெளிவந்த பத்துத் தொகுதிகளுக்கும் தலைமைப் பதிப்பாசிரியர் நம் ஈரோட்டுப் பக்கத்துப் பெரியசாமித் தூரன். டெம்ப்ளேட்டுக்குச் சொல்லும் ‘வார்ப்புரு’ என்பதிலும் கோவை வார்ப்படச் சாலைகளின் மணம் இருக்கிறது. கையால் வேலை செய்கிறவர்களின் சொல் கணினிக்குள் போனால் அது அங்கேயும் வேலை செய்கிறது.

ஆனால் அண்ணா, உங்கள் சொல் ஒன்றே போதும் என்று நினைத்திருந்த எனக்கு 17ஆவது வட்டு வேறு பாடம் சொல்லிக் கொடுத்தது.

அதுதான் அம்மா சொன்ன வட்டு. அம்முச்சி தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தாலாட்டுப் பாடியது அதில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. மற்ற வட்டுகளைப்போல நேராக உரிக்கத் தொடங்கினேன். பாதியில் வட்டியக்கி (டிவிடி டிரைவ்) முனகியது, வேகம் விழுந்தது, நிரல் பிழை காட்டி நின்றது. மறுபடி, மறுபடி. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. இப்படி எழுதிக் கொடுக்கும் வட்டுகளில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். சாயம் மங்கினால் போனது போனதுதான். இப்படி மோதிக்கொண்டே இருந்தால் இருப்பதும் போய்விடுமே என்று பயந்து நிறுத்தினேன்.

பிறகு பழுதான வட்டிலிருந்து தகவலை மீட்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ நிரலை எடுத்தேன். அது படம், ஒலி, மட்டை, காய் எதையும் பார்ப்பதில்லை. வட்டை 2048 பைட் துண்டுகளின் வரிசையாக மட்டும் பார்க்கிறது. முதல் சுற்றில் எளிதாக வருவதை எல்லாம் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய்விடுகிறது. எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு குறிப்பேட்டுக் கோப்பில் எழுதி வைக்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளில் விட்ட இடங்களை மட்டும் ஓரத்திலிருந்து நெருங்குகிறது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் சுற்றில் 38 எம்பி வரவில்லை. இரண்டு இரவு ஓடவிட்டேன். பிறகு மச்சானின் பழைய மடிக்கணினியில் அதே குறிப்பேட்டை வைத்து ஓட்டினேன். என் வட்டியக்கி படிக்க மறுத்ததில் பெரும்பகுதியை அது படித்தது. கடைசியில் வராமல் நின்றது 96 கேபி, அதாவது 48 துண்டு. பாட்டில் இரண்டு இடத்தில் அரை நொடி படம் உடைகிறது. அம்முச்சியின் குரல் முழுதாக வந்துவிட்டது.

இந்த வேலைக்கு உரித்தல் என்று எப்படிப் பெயர் சொல்வது? இங்கே எதையும் உரிக்கவில்லை. மட்டையோடு, நாரோடு, வட்டில் இருந்தது இருந்தபடி ஒற்றி எடுக்கிறோம். அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தது அறச்சலூர்.

ஈரோட்டுக்குத் தெற்கே அறச்சலூர் நாகமலையில் ஓர் இசைக் கல்வெட்டு இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ‘த தை தா தை த’ என்று தொடங்கி வரிக்கு ஐந்தாக ஐந்து வரி. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றே வரும். ஆட்டத்தின் தாளத்தைக் கல்லில் பதிந்து வைத்திருக்கிறார்கள். கல்வெட்டுக்காரர்கள் கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மையை ஒற்றி எடுப்பதற்கு என்ன சொல்கிறார்கள்? ‘படி எடுத்தல்’. எழுத்து புரிகிறதா, சிதைந்ததா என்று அந்த நேரத்தில் பார்ப்பதில்லை. கல்லில் இருப்பது முழுதும் தாளுக்கு வந்துவிடும், கல் கல்லாகவே இருக்கும். வாசிப்பது, பொருள் சொல்வது எல்லாம் பிறகு வீட்டில் படியை விரித்து வைத்துக்கொண்டு.

ஆகவே என் கருத்து, ரிப் என்ற ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடினதுதான் நம் சிக்கல். அங்கே மூன்று வேலைகள் ஒரே பெயரில் கிடக்கின்றன. வட்டை அப்படியே ஐஎஸ்ஓ கோப்பாக எடுப்பது படியெடுப்பு, கிடைப்பது வட்டுப்படி. அந்தப் படியிலிருந்து படத்தையும் ஒலியையும் மாற்றமின்றி எடுப்பது உரிப்பு. அதை ஹேண்ட்பிரேக் போன்ற நிரல் ஒன்றில் கொடுத்து எச்.264 என்ற சுருக்க முறைக்கு மாற்றிச் சிறிதாக்குவது மறுகுறியாக்கம். அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒன்று வேண்டாம். அண்ணனின் உரிப்பைத் தொடர்ந்து தேங்காயிலேயே சொன்னால், இது கொப்பரையைச் செக்கில் ஆட்டுவது. என் வட்டுகள் 4 ஜிபியிலிருந்து ஒன்றேகால், ஒன்றரைக்கு வந்தன. எண்ணெயை மறுபடி பருப்பாக்க முடியாது, அதனால் படியை அழிக்காதீர்கள். சொல் மூன்றாக இருந்தால்தான் வரிசையும் மனத்தில் நிற்கும். நான் படியெடுக்காமல் உரிக்கப் போனதால்தான் 17ஆவது வட்டை அத்தனை முறை வருத்தினேன்.

திருப்பூர்த் தம்பிக்கு ஒரு நன்றி பாக்கி. கும்மி வட்டில் பெண்கள் கை வீசும்போதெல்லாம் சீப்புப் பல்போலக் கோடு விழுந்தது. நம் பக்கத்து வட்டுகள் பால் (PAL) என்ற காணொளி முறையில் 576 வரி, நொடிக்கு 25 சட்டகம். ஒவ்வொரு சட்டகத்திலும் ஒற்றை வரிகள் ஒரு கணத்தையும் இரட்டை வரிகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தள்ளிய கணத்தையும் காட்டும். அசையாத முகத்தில் தெரியாது, வீசிய கையில் தெரியும். அதை நீக்குவதற்குத் தம்பி போன மாதமே ‘பின்னல் பிரித்தல்’ என்று சொன்னார், யாரும் கவனிக்கவில்லை. பின்னலாடை ஊர்க்காரர் சொல்ல வேண்டிய சொல்தான். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஈரோட்டிலிருந்து

———

வணக்கமுங்க அண்ணா.

மூன்றாகப் பிரித்தது சரியென்றே படுகிறது. இரண்டு ஐயம் மட்டும். பொத்தானில் ‘படி’ என்று நின்றால் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வாசி என்றுதான் எடுத்துக்கொள்ளும். நெல் அளக்கிற படியும் இருக்கிறது, ஏறுகிற படியும் இருக்கிறது. அளவு என்றால் உரியும் அளவுதான், இரண்டு உரி ஒரு படி. அது கிடக்கட்டும். ‘உரி’ என்று தனியாக நின்றால் தோலுரிப்பதும் துணி உரிவதும்தான் முதலில் மனத்தில் வருகிறது. எனக்கு அது உவப்பாக இல்லை. கலியாண வட்டில் இருப்பது எங்கள் வீட்டுப் பெண்கள்.

இன்னொன்று, வராமல் போன அந்த 96 கேபிக்கு என்ன பெயர்? ‘கெட்ட துண்டு’ என்பது குற்றம் சொல்வதுபோல் இருக்கிறது.

கோபியிலிருந்து

———

தங்கச்சி சொன்னது நியாயம். உரி என்பது தனியாக எங்கும் நிற்க வேண்டாம். பொத்தான்களில் ‘படியெடு’, ‘உரித்தெடு’ என்று முழுதாக எழுதலாம். எடு என்று சேர்ந்ததும் வெங்காயம் உரித்தெடுக்கிற அடுப்படிச் சொல்லாகிவிடுகிறது, வாசி என்ற குழப்பமும் போய்விடும். நிரலுக்குப் படியெடுப்பான், உரிப்பான். பெயராக வருமிடத்தில் வட்டுப்படி, காணொளி உரிப்பு.

வராத இடத்துக்குக் கல்வெட்டுக்காரர்களிடமே போவோம். கல் உடைந்த இடத்தில் அவர்கள் புள்ளி வைத்து, சிதைவு என்று குறிப்பார்கள். குற்றம் கல்லின்மேலும் இல்லை, எழுதியவர்மேலும் இல்லை. ‘சிதைந்த துண்டு’, டிடிரெஸ்கியூவின் கோப்புக்குச் ‘சிதைவுக் குறிப்பேடு’. பொள்ளாச்சி அண்ணனுக்கும் சம்மதம் என்றால் ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். திருப்பூர்த் தம்பி ஒரு தடவை சரிபார்க்க வேண்டும்.

நேற்று ‘வட்டைப் படியெடு’ என்று மாற்றிப் போட்டு அம்மாவை மறுபடி உட்கார வைத்தேன். “எடுத்தா வட்டு அப்படியே இருக்குமல்லோ?” என்று கேட்டார். இருக்கும் என்றேன். அமுக்கிவிட்டார்.